அவர் நிற்கிற இடம்

வேலை செய்கிற இடத்தில் சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிடங்கில் நான் பேக்கிங் பிரிவுக்கு லீடராக இருந்தேன். ஜனங்கள் வீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு போனில் தட்டுகிற குக்கர், வாணலி, துடைப்பம், கொசுவலை எல்லாம் எங்கள் கையால் பெட்டிக்குள் போய்த்தான் அவர்கள் வாசலுக்கு வரும். அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்போம். தண்ணீர் குடிக்கக்கூட ஓட்டம்தான். அவர் மட்டும் நிற்பார்.

ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, உள்ளே விட்ட சட்டை. ஊத்துக்கோட்டைக்காரர். எஞ்சினியருக்குப் படித்தவர். ஆர்டர் வந்ததிலிருந்து லாரி ஏறுகிற வரை எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதற்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள், நேரம் பார்க்கக் கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் மேலே மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து நடப்பார். பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்திருப்பார். ஒரு சுற்று, மறு சுற்று. அப்புறம் ஏதோ ஓரிடத்தில் கால் நின்றுவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். அந்த நேரத்தில் அங்கே எதுவுமே தேங்கியிருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேங்கும்.

முதலில் நான் நம்பவில்லை. தீபாவளி நெருங்கிய ஒரு காலையில், அட்டைப்பெட்டி மடிக்கிற ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தட்டையாக வருகிற அட்டையை மடித்துப் பெட்டியாக்கி எங்கள் மேஜைகளுக்குக் கொடுப்பது அந்த ஆளின் வேலை. ஆரம்பாக்கத்துக்காரர், பாதி தெலுங்கு பேசுவார். அவருக்கு ஒரே கூச்சம்.

"இன்னா சார், எங்கிட்ட இன்னா கீது பாக்க? அட்டதான் கீது."

"நீ மடி நைனா. நான் சும்மா நிக்கிறேன்."

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "அங்க ஒண்ணும் தேங்கலியே சார். எல்லாம் நல்லாதான போய்க்கினு கீது?"

"இன்னும் வர்லம்மா," என்றார். "வந்துக்கினு கீது."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் மேஜைகளுக்கு எதிரில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டிவிட்டன. அலமாரிகளிலிருந்து பொருளை எடுத்து வருகிறவர்கள் வேகமாக எடுத்து வந்துவிட்டார்கள். நாங்கள் பெட்டிக்காகக் காத்திருந்தோம். மேனேஜர் வந்து பேக்கிங் பெண்களைப் பார்த்துக் கத்தினார், நாங்கள்தான் தூங்குகிறோம் என்று. இவர் அட்டைக்காரர் பக்கத்தில் நின்றபடியே கையை மட்டும் உயர்த்தினார். கூட இரண்டு பேரை மடிக்கப் போட்டதும் வரிசை கரைந்தது.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அவர் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாரும் ஓடறதப் பாக்காதம்மா. நிக்கிற எடம் எவ்ளோ தள்ளுதோ, அவ்ளோதான் மொத்த கெடங்கும் தள்ளும். மத்ததெல்லாம் சும்மா வேர்வ."

"அதான் சரி பண்ணிட்டீங்களே. போயிடுச்சே?"

"போவாதும்மா. எடம் மாறும். தோ, இப்பவே மாறிக்கினு கீது." தம்ளரை வைத்துவிட்டு எழுந்து, முகவரிச் சீட்டு அச்சடிக்கிற மெஷின் பக்கமாக நடந்தார்.

அந்தத் தேக்கத்தை அவர் 'அது' என்றுதான் சொல்வார். வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னிக்கு அது எங்க படுத்துக்கினு கீதுன்னு தெரியல" என்பார் காலையில் வந்ததும், வீட்டுப் பூனையைத் தேடுகிறவர் குரலில். சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது. அதுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தைக் கொடுத்தது.

அவர் இப்படிச் சுற்றுவது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் அவர் காலையே பார்த்துக்கொண்டு வேலையைக் கோட்டை விடுகிறார்கள் என்று சொல்லி, மேலே தன் அறையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். அன்று ஒரு வகைக் குக்கருக்கு விலை தப்பாக ஏறிவிட்டது. அந்த ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் சரி சொன்னால்தான் பெட்டியை ஒட்டலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கீழே நூற்றுக்கணக்கில் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. நான் கேட்கப் போனபோது இவர் நாற்காலியில் இல்லை. எழுந்து, மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாளே கீழே அனுப்பிவிட்டார்கள்.

அதெல்லாம் சிரிக்கிற கதை. ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. காலையில் சென்னையிலிருந்து வருகிற, 'யூனிட்' என்று நாங்கள் சொல்கிற மின்சார ரயிலில்தான் தொழிற்பேட்டைக் கூட்டம் பாதி வந்து இறங்கும். எனக்குப் பொன்னேரியில் வீடு, நானும் அதில்தான் ஏறுவேன். ஒரு நாள் கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் அவர் ஏறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் ஒதுங்கி, கைப்பிடியோரம் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று நினைத்து நானும் நின்றேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாவுக்குச் சரியாக அந்தப் படியில் செருப்பு வார் அறுந்தது. அந்த அம்மா குனிந்தார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள், கீழேயிருந்து ஏறியவர்கள் தள்ளினார்கள், ஒரு குழந்தை வீலென்று கத்தியது. கூட்டம் கலைய வெகு நேரமானது. அந்த அம்மாவை அவர் அதற்கு முன் பார்த்திருக்க வழியில்லை. செருப்பையா பார்த்திருப்பார்?

"எப்பிடி சார் தெரிஞ்சது?" என்றேன்.

"தெரியலம்மா. காலு நின்னுச்சு." பொய் சொல்கிற முகமாக இல்லை. அவருக்கே கொஞ்சம் பயம் இருந்த மாதிரி தோன்றியது.

இடத்துக்குப் பக்கத்தில் நின்றவரை ஒருவருக்கும் பெரிய கஷ்டமில்லை. ஆளுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் கிடங்கே மாறியது.

எங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். லாரியிலிருந்து சரக்கை அடுக்கோடு தூக்கி உள்ளே கொண்டு வருகிற வண்டி அது. அதை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் ஊருக்குப் போயிருந்ததால், வருகிற சரக்கெல்லாம் இவர் ஒருவர் கையால்தான் இறங்க வேண்டும். ஜாலியான மனிதர், வண்டி ஓட்டிக்கொண்டே பாடுவார். ஒரு நாள் நம்மவர் காலையிலிருந்து அந்த வண்டி நிற்கிற இடத்திலேயே நின்றார். வண்டி உள்ளே போனால் காத்திருந்தார், வந்தால் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துக்கினே கீறீங்கோ?" என்று ஓட்டுநர் கலாய்த்தார். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்காமல், "இன்னிக்கு லீவு போட்டுட்டு ஊட்டுக்குப் போ நைனா" என்றார். ஓட்டுநருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறியவர், இடது கை மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். உயிர் பிழைத்தார். ஆனால் கிடங்குக்குத் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் பெண்கள், புடவைக்கு மேல் போடுகிற கோட்டுப் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர் நின்றுவிட்டுப் போன தரையில் யாரோ குங்குமம் தடவிய பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை வாசலில் பூசணிக்காய் உடைப்பவர்கள் அவர் வழக்கமாக நடக்கிற பாதையிலும் ஒன்று உடைக்க வேண்டுமென்று கேட்டார்கள். மேனேஜர் படித்தவர், திட்டினார். அந்த மேனேஜர் சட்டைப் பையிலும் பழம் இருந்ததை நான் பார்த்தேன். இவ்வளவுக்கும் யாரும் நம்மவரை வெறுக்கவில்லை. பண்டிகைக்குத் தன் பணத்தில் எல்லோருக்கும் நாஷ்டா வாங்கிக் கொடுப்பார். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் வந்து நிற்பார். வருவதுதான் பேஜாராக இருந்தது.

அப்படித்தான் என் வீட்டுக்கும் வந்தார். என் மாமனார் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எங்கள் பிரிவில் எல்லோரும் சேர்ந்து ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது வழக்கம். அந்தக் கூட்டத்தில் இவரும் வந்திருந்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் கட்டில் பக்கம் நின்றுவிடப் போகிறாரே என்று நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாமனார் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போனார். அப்பாடா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் சமையலறையில், டீ போட்டுக்கொண்டிருந்த என் மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். நாக்கு கத்தி. "இன்னா சார், பஸ்ஸுக்கா நிக்கிறீங்கோ?" என்றார். "உள்ள போய் உக்காருங்கோ. டீ தானா வரும்."

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார். கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி டீயைத் தொடாமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் கிடங்கில் அவரைத் தனியாகப் பிடித்து, மரியாதையையெல்லாம் மறந்து சண்டை போட்டேன். நல்லா இருக்கிற பொம்பளை பக்கத்தில் போய் எதுக்கு நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் தலை குனிந்தபடியே சொன்னார்.

"உங்க ஊட்ல எல்லாம் அந்தம்மா கை வழியாதான போவுது? மாமனாரத் தொடைக்கிறது, கொயந்தைங்க இஸ்கூலு, சோறு, தண்ணி, உன் ஊட்டுக்காரு லாரிய எடுத்துக்கினு வடக்க போனா போன் பேசறது, எல்லாம். அவங்க நின்னா உங்க ஊடு நின்னுடும். அவ்ளோதாம்மா எனக்குத் தெரியும்."

"மாத்தலாமா சார்?"

"மாத்தலாம். பாரத்த எறக்கி வையி." போகத் திரும்பியவர் நின்று சொன்னார். "ஆனா அது எங்க போவும்னு பாத்துக்கோ."

கடைசியில் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தையை இழுத்துக்கொண்டு பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனேன். பிரஷர் எக்கச்சக்கம், இருதயம் களைத்துப் போயிருக்கிறது, இத்தனை நாள் எப்படி ஓடியது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். மாத்திரை கொடுத்து, ஓய்வு கட்டாயம் என்றார். அவர் பக்கத்தில் நின்றதற்கு என்ன அர்த்தம் என்று அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அழுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நிக்கட்டுமே. இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலேர்ந்து அடுப்பாண்ட வந்து எங்கூட நின்ன மொத ஆம்பள அந்த சாருதான்."

அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லா வேலையையும் நான் எடுத்துக்கொண்டேன். விடிவதற்கு முன் எழுந்து சமையல், மாமனாரைக் குளிப்பாட்டுவது, பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றுவது, ரயில், ஷிஃப்ட், திரும்ப ரயில், திரும்ப அடுப்பு. என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டினார். எண்ணூரில் சரக்கு ஏற்றினால் திரும்பி வரப் பல நாள் ஆகும். வந்தால் தூங்குவார். அத்தையின் முகத்தில் ரத்தம் ஏற ஆரம்பித்தது, காலில் வீக்கம் வடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் உறுதியாகத் தெரிய வேண்டும் போலிருந்தது. ஆடி ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று, வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அவரைக் கூப்பிட்டேன். வரத் தயங்கினார். நான் விடவில்லை.

மதியம் வந்தார். அன்று என் வீட்டுக்காரரும் ஊரில் இருந்தார். இந்தக் கதையெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று காலையிலிருந்து கிண்டல் செய்துகொண்டிருந்தவர், அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லோரும் அவர் காலைத்தான் பார்த்தோம். மாமனார் கட்டிலைத் தாண்டினார். சமையலறை வாசலில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கே கால் தயங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தயங்கவில்லை. "நல்லா கீறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டி வந்துவிட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக் கருவாட்டுக் குழம்பைக் கிளற ஆரம்பித்தேன். வீட்டில் சத்தமே இல்லை. வாசலில் மேளம் மட்டும் கேட்டது. என் சின்ன மகள் கூழ்ச் சொம்போடு எதிரே நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

அப்போது நாற்காலி நகர்கிற சத்தம். அத்தை கீரையை அப்படியே தரையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். இடுப்பால் என்னை ஒரு தள்ளு தள்ளினார், அவ்வளவு பலம் அந்த உடம்பில் இருந்தது எனக்குத் தெரியாது.

"போய் உக்காருமே. கொயம்பு தீஞ்சிப்போவுது, கனா கண்டுக்கினு கீறே."

அவர் கால் நகர்ந்தது. ஓரடிதான், அத்தை பக்கமாக. அவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். பேய் அறைந்த மாதிரி இருந்தது.

"வேணாம்மா," என்றார் அத்தையிடம். "கரண்டிய அவங்ககிட்டயே குடுத்துருங்கோ. இல்லாட்டி வேற யாருகிட்டயாவது குடுங்கோ."

"எனுக்குத் தெரியும் சார்," என்று அத்தை குழம்பைப் பார்த்தபடியே சொன்னார். "அவளுக்கு ரெண்டு கொயந்தைங்க கீது. எனுக்கு இன்னா, எல்லாம் வளந்தாச்சி. நீங்க நில்லுங்கோ."

அன்று அவர் சாப்பிடவில்லை. கூழை வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அத்தையை நாற்காலியில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. நான் சண்டை போட்டேன், அழுதேன், காலில் விழுந்தேன். நான் எழுவதற்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். மாத்திரையை மட்டும் எனக்காக ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். தை பிறப்பதற்குள் போய்விட்டார், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. மாமனார் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை.

அத்தை சாவுக்கு அவர் வந்திருந்தார். பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, குப்பத்து ஜனமெல்லாம் வந்து அழுதார்கள். அவர் கேட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். யார் யாரோ வந்து தோளைத் தொட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். பக்கத்தில் யார் நின்றது, யார் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. பிணம் எடுத்த பிறகுதான் முகத்தைத் திறந்தேன். அவர் போயிருந்தார். சில நாளில் கிடங்கு வேலையையும் விட்டுவிட்டார். எங்கே போனார் என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆட்களைக் கேட்டும் தெரியவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்கு முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பந்தலில் எனக்கு எதிரில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாள் டிரெய்லர் சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது இங்கேயே ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார், சம்பளம் பாதி. அன்று என்ன பார்த்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. காலையில் நான் எழுந்து அடுப்பாண்டை போனால், தூக்கக் கலக்கத்தோடு அவரும் எழுந்து வந்து, வெங்காயத்தை எடுத்துவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுகிறார்.